உலர்வும் ஈரமும் சந்திக்கும் இடம்: ஓடும் குழாயில் பொடி கலக்கும் கருவிகள்

ஒரு குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தாமல், அழுத்தத்தைக் குலைக்காமல், அளவு பிசகாமல் ஒரு பொடியை அதில் சேர்க்க வேண்டும். குடிநீர் நிலையத்தில் சுண்ணாம்பு, எண்ணெய்க் கிணற்றில் களிமண், பால் ஆலையில் பால் பவுடர், சாயக் கழிவுநீரில் பாலிமர், அனல்மின் நிலையத்தில் சாம்பல், சுரங்கத்தில் இரும்புத்தாது என்று துறைதோறும் நடக்கும் வேலை இது. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்கான கருவிதான் ஆலைகளில் அடிக்கடி அடைத்துக்கொள்வது. தொழிலாளி கம்பியால் குத்தித் திறக்க வேண்டியிருப்பதும் அதையே.

ஏன் இப்படி என்று துறைகளைத் தாண்டிப் பார்த்தால் ஒரு பொதுக் காரணம் தெரிகிறது. ‘கலக்கும் கருவி’ என்று ஒற்றைப் பெயரில் நாம் அழைப்பது நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பொடியை அளந்து ஊட்ட வேண்டும். அதை நனைக்க வேண்டும். கட்டிகளைப் பிரித்து நீர் முழுக்கப் பரப்ப வேண்டும். பிறகு படியவிடாமல் சுமந்து செல்ல வேண்டும். நான்குக்கும் இயற்பியல் வேறு, விதிகள் வேறு. நான்கில் எது பலவீனமோ அதுவே முழுக் கருவியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் பலவீனமாக இருப்பது, உலர்ந்த பொடி முதன்முதலில் ஈரத்தைத் தொடும் ஒரு சாண் இடம். வரைபடத்தில் அது, பொடியைக் கொட்டிவைக்கும் ஹாப்பரிலிருந்து குழாய்க்கு வரும் ஒரு கோடாக மட்டும் இருக்கும். அந்தக் கோட்டுக்குத்தான் அதிகச் சிந்தனை தேவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 80 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் மணிக்கு 50 கன மீட்டர் நீர் ஓடுகிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். அதில் மணிக்கு 1,000 கிலோ நீறிய சுண்ணாம்புத் தூளைச் சேர்க்க வேண்டும்.

முதல் கேள்வி பொடியைப் பற்றியது

கருவி விற்பவரிடம் போகும் விவரத்தாளில் குழாயின் விட்டம், அழுத்தம், ஓட்ட அளவு எல்லாம் இருக்கும். பொடியைப் பற்றிப் பெயரும் எடையும் மட்டுமே இருக்கும். ஆனால் நீரில் விழுந்ததும் பொடி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே கருவி அமைய வேண்டும். அந்த வகையில் பொடிகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

உப்பு, சர்க்கரை, யூரியா போன்றவை கரைந்துவிடும். மணல், சாம்பல், பாரைட் போன்றவை கரையாமல் துகளாகவே இருந்து படியப் பார்க்கும். பென்டோனைட் களிமண், குவார் பிசின், ஸ்டார்ச், பாலிஅக்ரிலமைடு போன்றவை நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். சுட்ட சுண்ணாம்பும் சிமெண்டும் நீரோடு வினைபுரியும். டால்க், கந்தகம், கொக்கோ போன்றவை எளிதில் நனையாமல் மேலே மிதக்கும். கரித்தூளின் நுண்துளைகளில் காற்று அடைபட்டிருப்பதால் அதுவும் நனைய நேரம் கேட்கும். ஒரு வகைக்குப் பொருந்தும் கருவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. மணலுக்கு உயிர்நாடி வேகம். பாலிமருக்கு அதே வேகம் கேடு.

இவற்றோடு எல்லாப் பொடிகளுக்கும் பொதுவான ஒன்றைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அது காற்று. நீறிய சுண்ணாம்பின் துகள் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,200 கிலோ. குவியலாகக் கொட்டிக் கிடக்கும்போது அது 500 கிலோ அளவில்தான் இருக்கும். அதாவது குவியலின் கன அளவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் காற்று. நம் உதாரணத்தில் மணிக்கு 2 கன மீட்டர் குவியல் உள்ளே போகிறது. அதில் ஏறத்தாழ 1.55 கன மீட்டர் காற்று. ஓடும் நீரில் இது 3 விழுக்காடு. சாதாரண மையவிலக்குப் பம்பு சில விழுக்காடு காற்றிலேயே தடுமாறத் தொடங்கும். பொடியைப் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் சேர்ப்பது மலிவான வழி என்று நினைப்பவர்கள், தண்ணீரோடு எவ்வளவு காற்றைப் பம்புக்குக் கொடுக்கிறோம் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

ஊட்டுதல்: கீழே இறங்க மறுக்கும் பொடி

திரவம் நிறைந்த தொட்டியில் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடும். பொடி நிறைந்த குதிரில் அப்படி நடப்பதில்லை. பொடியின் எடையில் பெரும்பகுதியைச் சுவரின் உராய்வு தாங்கிக்கொள்வதால், ஓர் ஆழத்துக்குப் பிறகு அடியிலுள்ள அழுத்தம் ஏறுவதில்லை. இதை 1895இல் ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் கணக்காக எழுதினார். ஆகவே மேலே இன்னும் இரண்டு மூட்டை கொட்டினால் கீழே வேகமாக இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிவாயின் அகலமும் பொடியின் ஒட்டும் தன்மையுமே ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒட்டும் பொடி வெளிவாய்க்கு மேலே வளைவாக நின்று பாலம் கட்டிக்கொள்ளும். அல்லது நடுவில் மட்டும் குழி விழுந்து இறங்க, ஓரத்திலுள்ளது மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து கெட்டியாகும். ஹாப்பரின் சரிவு எவ்வளவு, வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொடியைச் சோதித்தே முடிவு செய்ய முடியும் என்று காட்டியவர் ஆண்ட்ரூ யெனிக்கே. யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 1964இல் வெளியான அவருடைய ஆய்வேடு இன்றுவரை இத்துறையின் அடித்தளம். அதன் பாடம் இன்னும் எல்லா ஆலைகளுக்கும் போய்ச் சேரவில்லை. ஹாப்பரின் கூம்புப் பகுதியில் வரிசையாகத் தெரியும் சுத்தியல் தழும்புகள் அதற்குச் சாட்சி. சரிவு போதாத ஹாப்பரின் குறையைத் தொழிலாளியின் தோள் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அதிர்வு மோட்டாரைப் பொருத்துவதும் எப்போதும் தீர்வாகாது. கீழே வழி மூடியிருக்கும் நேரத்தில் அது ஓடினால் நுண்பொடி மேலும் இறுகிவிடும்.

ஹாப்பருக்குக் கீழே அளந்து கொடுக்கும் கருவி வருகிறது. திருகு ஃபீடர், சுழல் வால்வு, எடை குறைவதைப் பார்த்துத் தன் வேகத்தைத் திருத்திக்கொள்ளும் எடைவழி ஃபீடர் ஆகியவை வழக்கமானவை. முதல் இரண்டும் கன அளவைத்தான் அளக்கின்றன. பொடி இறுகினால் அல்லது காற்றேறிப் பொங்கினால் எடை மாறிவிடும். அளவு முக்கியமான இடத்தில் எடைவழி ஃபீடருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண் போகாது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. எட்டு அறைகள் கொண்ட சுழல் வால்வு நிமிடத்துக்குப் பத்து முறை சுற்றினால் 0.75 நொடிக்கு ஒரு முறை பொடி ‘பொத்’தென்று விழும். அதற்குள் நம் குழாயில் நீர் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். நாம் சீராகச் சேர்ப்பதாக நினைக்கும் பொடி, குழாய்க்குள் இரண்டு மீட்டருக்கு ஒரு பட்டையாகத்தான் ஓடும். சராசரி சரியாக இருக்கும். எந்த ஒரு கணத்திலும் அளவு சரியாக இருக்காது. திருகு ஃபீடரும் சுற்றுக்கு ஒரு முறை இதே துடிப்பைத் தரும். சிறிய புரிகளை வேகமாகச் சுற்றவிடுவது, இரட்டைப் புரி வைப்பது போன்றவை துடிப்பைக் குறைக்கும். முற்றிலும் ஒழிக்க வேண்டுமானால் பின்னால் ஒரு தொட்டி வேண்டும்.

அழுத்தத்தைத் தாண்டும் வழிகள்

குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது; பொடியோ திறந்த வெளியில் இருக்கிறது. நேராகத் துளையிட்டால் பொடி உள்ளே போகாது, நீர்தான் வெளியே வரும். இந்தத் தடையைத் தாண்ட உலகெங்கும் பயன்படும் வழிகள் நான்கு.

முதலாவது எடக்டர். குறுகிய நாசில் வழியாக நீர் பாயும்போது அழுத்தம் குறைந்து வேகம் கூடுகிறது. நாசிலைச் சுற்றி வெற்றிடம் உண்டாகிப் பொடியை உள்ளே இழுக்கிறது. குழாய் குறுகும் இடத்தில் அழுத்தம் குறைவதை வென்சுரி 1797இல் விவரித்தார். நீராவிப் பாய்ச்சலைக் கொண்டு கொதிகலனுக்குள் தண்ணீரைச் செலுத்தும் கருவிக்கு பிரான்சின் ஆன்ரி ஜிஃபார் 1858இல் காப்புரிமை பெற்றார். அந்த மரபில் வந்ததே இன்றைய எடக்டர். 3 பார் அழுத்தமுள்ள நீர் நாசிலைத் தாண்டும்போது நொடிக்கு 24 மீட்டர் வேகம் வரை பெறும். அசையும் பாகம் ஏதுமில்லை என்பது இதன் பெரும் பலம். ஆனால் இதன் செயல்திறன் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. தள்ளும் அழுத்தத்தில் ஒரு பகுதிதான் வெளியேறும்போது மிஞ்சும். எடக்டருக்குப் பின்னால் நீண்ட குழாயோ பாதி மூடிய வால்வோ இருந்தால் வெற்றிடம் மறைந்து நீர் மேலேறி ஹாப்பருக்குள் புகுந்துவிடும். எடக்டர் வேலை செய்யவில்லை என்ற புகார் வரும்போது, குற்றம் பெரும்பாலும் எடக்டரில் இருக்காது. அதற்குப் பின்னாலுள்ள குழாயில் இருக்கும்.

எண்ணெய்க் கிணறுகளில் இந்தக் கருவி வேரூன்றியது. டெக்சாசின் ஸ்பிண்டில்டாப்பில் மணல் அடுக்கு சரிந்து துளையை மூடிக்கொண்டபோது, குளத்தில் மாடுகளை நடக்கவிட்டுச் சேறாக்கி அதைக் கிணற்றுக்குள் செலுத்தினார்கள் என்பது எண்ணெய்த் துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கிணறு 1901 ஜனவரி 10 அன்று பீறிட்டது. இன்று துளையிடும் தளங்களில் மாடுகளின் இடத்தில் ஜெட் ஹாப்பர் நிற்கிறது. மூட்டையை வெட்டிக் கொட்டினால் நாசிலின் பாய்ச்சல் பென்டோனைட்டை இழுத்துக்கொண்டு போகும். அது அங்கே வெற்றி பெறுவதற்கு ஒரு காரணம், வெளியேறும் குழம்பு குறைந்த அழுத்தத்தில் அருகிலுள்ள திறந்த தொட்டிக்குப் போவதுதான்.

இரண்டாவது வழி, வேகமாகச் சுழலும் ரோட்டாரையும் அதைச் சுற்றி நிலையாக நிற்கும் பல்வரிசையான ஸ்டேட்டரையும் கொண்ட கருவி. இதன் சுழற்சியே வெற்றிடத்தை உண்டாக்கிப் பொடியை இழுக்கும். இழுத்த பொடியை நொடிக்குப் பத்து, இருபது மீட்டர் வேகத்தில் நகரும் பற்களுக்கிடையே நசுக்கிப் பிரிக்கும். உணவு, மருந்து, பெயிண்ட் ஆலைகளுக்கு ஏற்றது. மணல் போன்ற கடினத் துகள் போனால் அதன் குறுகிய இடைவெளி விரைவில் தேய்ந்துவிடும்.

மூன்றாவது, பூட்டறை. இரண்டு வால்வுகளுக்கிடையே ஓர் அறையில் பொடியை அடைத்து, அழுத்தமேற்றி, கீழ் வால்வைத் திறப்பது. அதிக அழுத்தத்தில் வேறு வழியில்லாதபோது பயன்படும். பொடி படிந்த வால்வு இறுக மூடுவதில்லை என்பதே இதன் நிரந்தரத் தலைவலி.

நான்காவது, பக்கத்தொட்டி. சிறிய தொட்டியில் பொடியை முதலில் கெட்டிக் குழம்பாக்கி, அந்தக் குழம்பை அளவுப் பம்பால் முதன்மைக் குழாய்க்குள் செலுத்துவது. நம் உதாரணத்தில் 10 விழுக்காட்டுக் குழம்பாக்கினால் மணிக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர் செலுத்த வேண்டும். பத்து நிமிட இருப்புக்கு 1.7 கன மீட்டர் தொட்டி போதும். இடமும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். பதிலுக்குக் காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது, ஃபீடரின் துடிப்பு தொட்டியில் கரைந்துவிடுகிறது, நனைய அவகாசம் கிடைக்கிறது. நேரடியாகக் குழாயில் சேர்ப்பது நவீனம், தொட்டி வைப்பது பழைய முறை என்ற எண்ணம் தவறானது. பல இடங்களில் தொட்டியே சரியான விடை.

நம் ஊராட்சிகளின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் சேர்க்கும் முறையும் இதையே சொல்கிறது. பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு வண்டல் அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். 25 விழுக்காடு குளோரின் உள்ள பவுடரானால், ஒரு லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வீதம் சேர்க்க 800 கிராம் போதும். கரைசலைத் தெளியவைக்காமல் சொட்டுக் குழாயில் விட்டால் வண்டல் அதை அடைத்துவிடும். கரையாத பகுதி தேவையே இல்லாத இடத்தில் அதைக் குழாய்க்குள் அனுப்பாமலிருப்பதும் வடிவமைப்புதான்.

நனைதல்: தீர்மானிக்கும் சில நொடிகள்

கேழ்வரகு மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். அதனால்தான் முதலில் ஆறிய தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகு உலையில் ஊற்றுகிறோம். கொதிநீரில் விழும் மாவுருண்டையின் வெளித்தோல் வெந்து பசையாகி, உள்ளே நீர் போகாமல் தடுத்துவிடுகிறது. உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு. ஆலையில் பாலிமர் கட்டி தட்டுவதும் இதே காரணத்தால்தான். அங்கே சூடு கூட வேண்டியதில்லை. நீர் பட்ட நொடியிலேயே வெளித்தோல் ஊதிப் பசையாகிவிடும். அந்தக் கட்டியை அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் எளிதில் கரையாது. விலை கொடுத்து வாங்கிய பாலிமர் வடிகட்டியில் போய் அடைந்து வீணாகும்.

பொடிக் குவியலுக்குள் திரவம் நுழையும் வேகத்தை வாஷ்பர்ன் 1921இல் சமன்பாடாக்கினார். நுழையும் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். இரு மடங்கு தடித்த குவியல் நனைய நான்கு மடங்கு நேரம் ஆகும். வடிவமைப்பாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் கட்டளை தெளிவானது. பொடியைக் குவியலாக விழவிடாமல் மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். தூவும் இடத்தில் புதிய நீர்ப்பரப்பு ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நல்ல பாலிமர்க் கருவிகளில் புனலின் உட்சுவர் முழுக்க நீர் சுழன்று இறங்குவது இதற்காகத்தான். அந்தச் சுழலில் விழும் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நனைகிறது. சுவரில் ஒட்டிப் பிசினாகவும் வழியில்லை.

பொடியையே மாற்றுவது இன்னொரு வழி. நுண்துகள்களைச் சிறு மணிகளாகத் திரட்டினால் அவற்றுக்கிடையே உள்ள அகன்ற வழிகளில் நீர் எளிதாக நுழையும். உடனடிப் பால் பவுடர் அப்படித்தான் செய்யப்படுகிறது. கொழுப்புள்ள பால் பவுடருக்கு லெசித்தின் பூசுகிறார்கள். சில பசைப் பொடிகளுக்கு மேற்பூச்சு கொடுத்து, நீரில் பரவி முடியும் வரை அவை ஊதாமல் தள்ளிப்போடுகிறார்கள். பாலிமரைச் சர்க்கரையோடோ உப்போடோ கலந்து தூவுவது, எண்ணெயிலோ ஆல்கஹாலிலோ குழைத்துச் சேர்ப்பது எல்லாம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்தும் உத்திகள்.

சந்திப்பு இடத்தின் பெரிய எதிரி, மேலேறும் ஈரம். வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவியும் தெறிக்கும் துளிகளும் பொடி இறங்கும் வாயில் படிந்து முதலில் ஒரு மெல்லிய தோலாகின்றன. அதன்மேல் பொடி ஒட்டுகிறது. சில மணி நேரத்தில் வாய் சுருங்கி, பிறகு அடைபடுகிறது. ஃபீடரின் வாயை நீர்மட்டத்துக்கு மிக அருகில் கொண்டுவருவது இதனால் தவறு. இடைவெளி விட வேண்டும். அங்கே உலர்ந்த காற்றை மென்மையாகச் செலுத்தவோ ஆவியை வேறு வழியில் உறிஞ்சவோ வேண்டும். வாய்ப்பகுதி சட்டென்று கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் விலை குறைந்தவை. இவை இல்லாததால் நேரும் நிறுத்தங்கள் விலை மிகுந்தவை.

சுட்ட சுண்ணாம்பு இன்னும் கடுமையான வகை. ஒரு கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேரும்போது வெளிவிடும் வெப்பம், கணக்குப்படி மூன்று லிட்டர் நீரை 90 டிகிரிக்கு மேல் சூடேற்றப் போதுமானது. மூடிய குழாய்க்குள் இதைச் செய்யலாகாது. நீற்றுவதற்கென்று அமைந்த கலனில் முடித்துவிட்டே குழாய்க்கு வர வேண்டும்.

பரப்புதல்: எவ்வளவு கலக்கினால் போதும்

நனைந்த துகளை நீர் முழுக்கப் பரப்புவது ஒப்பீட்டில் எளிது. கொந்தளித்து ஓடும் நீர் தானே கலக்கும். ஆனால் வெறும் குழாயில் குறுக்குவெட்டு முழுக்கச் சீராவதற்கு விட்டத்தைப் போல நூறு மடங்கு நீளம்கூடத் தேவைப்படலாம். அவ்வளவு இடம் இல்லாதபோது குழாய்க்குள் முறுக்கிய தகடுகளை வரிசையாகப் பொருத்திய நிலைக் கலப்பான் பயன்படும். கெட்டித் திரவம் மெதுவாக நகரும்போது ஒவ்வொரு தகடும் ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கும். பத்துத் தகடுகள் 1,024 அடுக்குகளையும், இருபது தகடுகள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அடுக்குகளையும் உண்டாக்கும்.

இந்தக் கணக்கின் அழகில் மயங்கி இரண்டு வரம்புகளை மறந்துவிடக் கூடாது. நிலைக் கலப்பான் குழாயின் குறுக்கே கலக்கும். நெடுக்கே அநேகமாகக் கலப்பதில்லை. ஃபீடரின் துடிப்பால் இரண்டு மீட்டருக்கு ஒரு பட்டையாக வரும் பொடி, கலப்பானுக்குப் பின்னும் பட்டையாகவே போகும். அடுத்தது, அது கட்டியை உடைப்பதில்லை. உலர்ந்த நடுவுடன் வரும் பாலிமர்க் கட்டி தகடுகளைத் தாண்டி அப்படியே போகும், அல்லது அங்கேயே சிக்கி அடைக்கும். நார்த்தன்மையுள்ள பொருள் இருந்தால் நிலைக் கலப்பானைத் தவிர்ப்பதே நல்லது.

கலக்கும் தீவிரத்தை அளக்க நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் வேகச் சரிவு என்ற அளவு இருக்கிறது. கேம்ப், ஸ்டைன் ஆகிய இருவரும் 1943இல் அதை வகுத்தார்கள். படிகாரம் நீரில் வினைபுரிவது ஒரு நொடிக்குள் நடந்துவிடும் என்பதால் அதைச் சேர்க்கும் இடத்தில் நொடிக்குப் பல நூறு என்ற அளவில் தீவிரம் வேண்டும். அதற்குப் பின் அழுக்குத் துகள்கள் திரளும் கட்டத்தில் அது சில பத்துகளாகக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் திரண்டது உடைந்துபோகும். பாலிமருக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். நனையும் நொடியில் கடும் வேகம் வேண்டும். நனைந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மென்மையாகக் கிண்டி ஊறவிட வேண்டும். நனைந்த பாலிமரை அதிவேகப் பம்பில் விட்டால் அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து பயனற்றுப்போகும். முதலில் கடுமை, பின்னர் மென்மை என்ற இந்த வரிசையை ஒரே கருவியால் தர முடியாது. தரும் என்று சொல்பவரிடம் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

சுமத்தல்: பெரிய குழாய் பாதுகாப்பானது என்ற மயக்கம்

துகள் படியும் வேகத்துக்கு ஸ்டோக்ஸ் 1851இல் விதி தந்தார். அதன்படி 10 மைக்ரான் மணல் துகள் நீரில் நொடிக்கு 0.09 மில்லிமீட்டர் இறங்கும்; 100 மைக்ரான் துகள் 9 மில்லிமீட்டர் இறங்கும். அளவு பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. அதனால் சராசரித் துகள் அளவை மட்டும் வைத்துக் குழாயை முடிவு செய்வது ஆபத்து. பொடியில் சிறு பங்கே இருக்கும் பெரிய துகள்கள்தான் முதலில் அடியில் படுக்கும்.

கிடைக்குழாயில் மணல் படியாமலிருக்கக் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்பதை பிரான்சில் துராண், கொண்டோலியோஸ் ஆகியோர் 1952இல் சோதனைகளின் வழியே வகுத்தார்கள். அந்த வேகம் குழாய் விட்டத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. நம் 80 மி.மீ. குழாயில் சுண்ணாம்புக்குப் பதில் பருமணல் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் வேண்டும், கையில் 2.8 மீட்டர் இருக்கிறது, பாதுகாப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று 100 மி.மீ. குழாய் போட்டால் தேவை 2.4 மீட்டராக உயரும், கிடைப்பதோ 1.8 மீட்டராகக் குறையும். மணல் படிந்துவிடும். தண்ணீர்க் குழாயில் பெரிய விட்டம் நன்மை. குழம்புக் குழாயில் அதே முன்னெச்சரிக்கை அடைப்பைக் கொண்டுவரும்.

வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. தேய்மானம் வேகத்தின் இரண்டாம், மூன்றாம் அடுக்கோடு கூடும். வளைவுகளில் குழாய்ச் சுவர் ஓட்டையாகும். படியும் வேகத்துக்கும் தேயும் வேகத்துக்கும் நடுவேயுள்ள குறுகிய இடைவெளியில்தான் வடிவமைப்பாளர் நிற்க வேண்டும். துகளின் பங்கு கூடும்போது குழம்பின் பாகுநிலையும் ஏறும். நீர்த்த நிலையில் ஐன்ஸ்டைனின் வாய்பாட்டின்படி கன அளவில் 10 விழுக்காடு துகள் பாகுநிலையை 25 விழுக்காடு உயர்த்தும். 40 விழுக்காட்டை நெருங்கும்போது ஏற்றம் செங்குத்தாகிவிடும்.

இந்தக் கணக்குகள் சரியாக அமைந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் பிளாக் மெசா குழாய் சான்று. அரிசோனாவிலிருந்து நெவாடாவின் மொகாவி மின்நிலையம் வரை ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நிலக்கரிக் குழம்பை 1970 முதல் 2005 வரை அது சுமந்தது. எடையில் பாதி நிலக்கரி, பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் வறண்ட நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. நவஹோ, ஹோபி பழங்குடியினர் அதை நீண்ட காலம் எதிர்த்தார்கள். கர்நாடகத்தில் குதிரேமுக் மலையிலிருந்து மங்களூருக்கு இரும்புத்தாதுக் குழம்பு 67 கிலோமீட்டர் குழாயில் இறங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டையும் பத்ரா ஆற்றையும் காக்க நடந்த வழக்கின் முடிவில் 2005 இறுதியோடு அங்கே சுரங்கம் நின்றது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிவதை எதிர்த்து மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். தேய்மானக் கணக்கில் விட்ட பிழையை ஆலையைவிட அதிகமாக ஆறு சுமக்கிறது. சாம்பலை மெல்லிய குழம்பாக அனுப்புவதைவிடக் கெட்டிக் குழம்பாகவோ உலர்ந்ததாகவோ கையாள்வது தண்ணீரையும் நிலத்தையும் மிச்சப்படுத்தும். குழாயில் அனுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் வடிவமைப்பாளருடையதே.

வரிசையும் மனிதரும்

கருவி சரியாக இருந்தும் இயக்கும் வரிசை தவறினால் அடைப்பு வரும். தொடங்கும்போது நீர் முதலில், பொடி கடைசியில். நிறுத்தும்போது பொடி முதலில், நீர் கடைசியில். குழாய் முழுக்கக் கழுவப்படும் வரை நீர் ஓட வேண்டும். மின்சாரம் திடீரென்று போனாலும் பொடி வால்வு தானே மூடிக்கொள்ள வேண்டும். ஓட்ட மானியின் அளவுக்கேற்ப ஃபீடரின் வேகம் மாற வேண்டும். பின்னால் ஓர் அடர்த்தி மானி இருந்தால் சேர்த்தது உண்மையில் சேர்ந்ததா என்று தெரியும். சுண்ணாம்புக் குழம்புக் குழாயில் சுண்ணப்படிவம் எப்படியும் கட்டும் என்பதால், கழற்றி மாற்றக்கூடிய ரப்பர்க் குழாய்களும் நேர்வழி மூடிகளும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மூட்டையைக் கொட்டும் இடத்தில் நிற்பவரின் நுரையீரலும் கணக்கில் வர வேண்டும். நுண்தூசியை உறிஞ்சும் அமைப்பு இல்லாத கொட்டுமேடை முடிந்த வடிவமைப்பு ஆகாது. மாவு, சர்க்கரை போன்ற எரியும் பொடிகளின் தூசி வெடிக்கவும் செய்யும். 1785இல் இத்தாலியின் துரின் நகரில் மாவுக் கிடங்கு வெடித்தது பற்றிய குறிப்பு இருக்கிறது. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சர்க்கரை ஆலையில் நிகழ்ந்த தூசி வெடிப்பு 14 உயிர்களைப் பறித்தது.

எதைத் தேர்வது

கரையும் பொடி, குறைந்த அழுத்தம், பின்னால் திறந்த தொட்டி என்றால் எடக்டர் போதும். ஊதும் பொடிக்குச் சுழல் புனலும் ஊறும் தொட்டியும் தேவை. மிதக்கும் பொடிக்கும் தரம் முக்கியமான உணவுப் பொருளுக்கும் ரோட்டார்-ஸ்டேட்டர் பொருந்தும். படியும் கனத்த துகளுக்குக் கிண்டும் தொட்டியும், வேகம் பார்த்துத் தேர்ந்த சிறிய குழாயும் வேண்டும். வினைபுரியும் பொடிக்குத் தனிக் கலன் வேண்டும். அளவு கணத்துக்குக் கணம் சரியாக இருக்க வேண்டுமென்றால் எந்தப் பொடியானாலும் நடுவில் ஒரு தொட்டியைத் தவிர்க்க முடியாது. நம் உதாரணத்துச் சுண்ணாம்புக்கு நான் பரிந்துரைப்பது எடைவழி ஃபீடரும் பக்கத்தொட்டியும்தான். காற்று, துடிப்பு, ஈரம் என்ற மூன்று தொல்லைகளும் அங்கே ஒன்றாகத் தீர்கின்றன.

எல்லாத் தேர்வுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. ஆலையில் உண்மையில் பயன்படப்போகும் பொடி, அதே நீர், அதே வெப்பநிலை, மழைக்காலத்து ஈரப்பதம் ஆகியவற்றோடு முழு அளவுக்கு நெருக்கமான கருவியில் பல மணி நேரம் தொடர்ந்து சோதிக்க வேண்டும். பீக்கரில் ஒரு கரண்டி பொடி அழகாகக் கரைவது எதையும் நிரூபிக்காது; வாய் அடைபடுவது மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரியும். விவரத்தாளில் பொடிக்கு ஒரு வரிக்குப் பதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். துகள் அளவின் முழுப் பரவல், குவியல் அடர்த்தி, நனையும் நேரம், ஓட்டத்தன்மை, நீரோடு அதன் நடத்தை எல்லாம் அதில் வரட்டும். பிறகு அந்த ஹாப்பருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவரை வடிவமைப்புக் கூட்டத்துக்கு அழையுங்கள். எங்கே அடைக்கிறது, எப்போது அடைக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவைப் பெற எந்தச் செலவும் இல்லை.